சர்ச் மணிக்கு ஒரு செல்ஃப் டெஸ்ட்

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம், சாவுக்குப் போடுகிற ரோஜா மாலை ஒன்று வாங்கப் பூக்கடைக்குப் போனேன். இறந்தவர் என் மாமனார் என்று கடையில் சொன்னார்கள்.

என்னை மாலை வாங்க அனுப்பியவரும் அவர்தான்.

பயப்படாதீர்கள். பேய், பிசாசு எல்லாம் இந்தப் பக்கத்தில் வராது. இது ஒரு மைக்ரோகன்ட்ரோலர் கதை. தீப்பெட்டியில் போட்டு மூடிவிடலாம், அவ்வளவு சின்ன போர்டு. வைஃபை உண்டு. அதற்குள் நாம் எழுதி ஏற்றுகிற புரோகிராமுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். ஏற்றுகிற வேலைக்கு ஃப்ளாஷ் பண்ணுவது என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூரில் மற்ற ஆண்கள் மட்டன் கடை வரிசையில் நிற்கும்போது, நான் சால்டரிங் அயனோடு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி ஜெசிந்தா இதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதை அச்சில் போட முடியாது.

தொழிலில் நான் மெயின்டெனன்ஸ்காரன். ஓசூரில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி. நான் முருகன் கோயிலுக்குப் போகிறவன், ஜெசிந்தா சர்ச்சுக்குப் போகிறவள். ஒரே கம்பெனி பஸ்ஸில் தினமும் போய்வந்ததில் நடந்த கல்யாணம். அவள் விபூதியைத் துடைக்கச் சொன்னதில்லை, நான் ஜெபமாலையைக் கழற்றச் சொன்னதில்லை. சண்டை போட எங்களுக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

இப்போது மாமனார். பெயர் ஆரோக்கியசாமி. ரிட்டயர்டு ஃபோர்மேன். மாமியார் காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. பங்கில் — சர்ச்சைச் சேர்ந்த குடும்பங்களை அப்படித்தான் சொல்வார்கள் — யார் இறந்தாலும் முதல் மாலை அவருடையதாக இருக்க வேண்டும். இரண்டாவதாகப் போட நேர்ந்தால் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிட மாட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு இதயத்தில் அடைப்பு. பைபாஸ் பண்ணியே ஆக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று பெங்களூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

தள்ளிப் போட்டார். மாம்பழ சீசன் முடியட்டும் என்றார். முடிந்தது. திருவிழா முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கட்டும் என்றார். அணைக்கும் இவர் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? இவருக்கு அங்கே ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது.

"அப்பா பயப்படலீங்க. சித்தப்பா ஒரு தடவ வந்து பாக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்காரு. அத வாய் தொறந்து சொல்ல மாட்டாரு" என்றாள் ஜெசிந்தா.

சித்தப்பா என்றால் மாமனாரின் ஒரே தம்பி, சின்னப்பன். பாகலூரில் முட்டைகோஸும் தக்காளியும் போடுகிறவர். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்று ஏழு வருஷம் ஆகிறது. காரணம்? சொத்தா? எல்லைக் கல்லா? இல்லை... மட்டன்.

எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழா அன்று காலையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பந்தியாகப் பரிமாறியவர் சின்னப்பன். எல்லோரும் எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். அவர் இலைக்கு வந்தது குழம்பும் இரண்டு உருளைக்கிழங்கும். துண்டு தீர்ந்துவிட்டது. 'ஊருக்கெல்லாம் போட்டவனுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கணும்னு கூடப் பொறந்தவனுக்குத் தோணலியே' என்று இலையை மூடிவிட்டுப் போனவர்தான். 'கூடப் பொறந்தவன் உரிமையா அண்டாவத் தொறந்து பாத்திருக்கணும்' என்பது மாமனாரின் வாதம். இருவர் பக்கமும் நியாயம் இருந்தால் சண்டை எப்படி முடியும்?

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் சர்ச் மணிக்குப் பிரச்சினை வந்தது.

மணி அடித்துக்கொண்டிருந்தவர் அந்தோணி. முன்பு சர்ச் பக்கத்திலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார். அதை மூடிவிட்டு ஒரு கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போக ஆரம்பித்தார். விளைவு? ஏ ஷிஃப்ட் வாரத்தில் காலை மணி கிடையாது. பி ஷிஃப்ட் வாரத்தில் சாயங்கால மணி கிடையாது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் மதிய மணி கிடையாது, தூங்குவார். அந்தோணிக்கு இந்த வாரம் என்ன ஷிஃப்ட் என்று பார்த்து ஜெபம் பண்ணுகிற நிலைக்குப் பங்கு மக்கள் வந்துவிட்டார்கள்.

பங்குத் தந்தை சின்ன வயசுக்காரர். எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் மேஜையில் கிடந்த போர்டுகளைப் பார்த்தார்.

"இத வச்சு மணி அடிக்க முடியுமா சார்?"

என்னைப் போன்ற ஆளிடம் 'முடியுமா' என்று கேட்கலாமா?

காயலான் கடையில் ஒரு பழைய கார் வைப்பர் மோட்டார் வாங்கினேன். அது ஒரு சுற்று சுற்றினால் ஒரு சுத்தியல் எழும்பி மணியில் ஒரு அடி போடும்படி ஏற்பாடு. மோட்டாரை ஆன், ஆஃப் பண்ண ஒரு ரிலே. ரிலேயை ஆட்டிவைக்க போர்டு. இத்தனையையும் மூடிவைக்க ஒரு டப்பா. அந்த டப்பாவைத்தான் ஜெசிந்தா ரொம்ப நாள் தயிர்சாத டப்பா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் ஃப்ளாஷ் ஆகவே இல்லை. கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவர் மாற்றினேன், சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், போர்டில் இருக்கிற குட்டிப் பட்டனை நகத்தால் அமுக்கிக்கொண்டே வேண்டாத சாமியை எல்லாம் வேண்டினேன். ஜெசிந்தா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது என் பழைய போன் வயராச்சே. சார்ஜ் மட்டுந்தான் ஏறும். போட்டோ கீட்டோ ஒண்ணும் ஏறாது."

வயரை மாற்றினேன். உடனே ஏறியது. அரை நாள் போச்சு. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரு தடவையாவது இது நடந்திருக்கும், ஒருத்தரும் வெளியில் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த கோளாறு நேரம். போர்டு இன்டர்நெட்டிலிருந்து மணி பார்த்துக்கொள்ளும். ஆனால் அது பார்ப்பது உலகப் பொது நேரம். நம் ஊர் நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணி நேரம் கூட்டச் சொல்லி எழுத வேண்டும். நான் எழுத மறந்துவிட்டேன். காலை ஆறு மணிக்கு அடிக்க வேண்டிய மணி பதினொன்றரைக்கு அடித்தது. பக்கத்து ஒர்க் ஷாப்பில் லேத்தை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்களாம். வீட்டில் இருந்தபடியே வைஃபை வழியாகப் புது ஃபர்ம்வேரை ஏற்றிச் சரிசெய்தேன். போனில் ஒரு பக்கமும் செய்துவைத்தேன். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அதைத் திறந்து மணியை அடிக்கலாம், நிறுத்தலாம். இரண்டே பட்டன். ஃபாதர் அசந்துவிட்டார். மாமனார் மட்டும் "அடிக்கறது சரிங்க மாப்ள, ஆள் இல்லாம அடிக்குதே" என்றார்.

இங்கேதான் நான் தொழில்காரன் என்பதைக் காட்டினேன்.

எங்கள் கம்பெனியில் எந்த மெஷினும் கரன்ட் போய் வந்தால் நேராக வேலையில் இறங்காது. முதலில் தன்னைத்தானே ஒரு தடவை சோதித்துக்கொள்ளும். கை கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் உற்பத்தி. அந்தப் பழக்கத்தில், நானும் ஃபர்ம்வேரில் ஒரு செல்ஃப் டெஸ்ட் வைத்தேன். போர்டுக்கு எப்போது புதிதாகக் கரன்ட் வந்தாலும், முதலில் மணியை ஒரு அடி அடிக்கும். பிறகு மோட்டார் ஆறுவதற்காக நல்ல இடைவெளி விடும். இன்னொரு அடி. மறுபடி இடைவெளி. நிதானமாக, அவசரமே இல்லாமல் கொஞ்ச நேரம் இப்படி அடித்துப் பார்த்துக்கொண்டு, பிறகு சமர்த்தாக நேரத்துக்காகக் காத்திருக்கும்.

சோதித்தபோது ஊருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சுத்தியலுக்கு என் பழைய சாக்ஸை மாட்டியிருந்தேன். தொப்... தொப்... என்றுதான் கேட்டது. அந்த இடைவெளிக்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு சாக்ஸோடேயே சர்ச் அலுவலக இன்வெர்ட்டர் லைனில் கனெக்‌ஷன் கொடுத்தேன். டெஸ்ட் முடிந்த பிறகுதான் சாக்ஸைக் கழற்றினேன். அதற்கப்புறம் எப்பேர்ப்பட்ட பவர் கட்டிலும் போர்டு நிற்கவில்லை. நிற்காததால் செல்ஃப் டெஸ்ட்டும் ஒரு தடவைகூட ஓடவில்லை.

ஒரு மாதம் போல எல்லாம் நன்றாகத்தான் போனது.

அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தது. காலையில் போன கரன்ட். எங்கள் கம்பெனிக்கும் அன்று லீவு. மதியத்துக்குள் சர்ச் இன்வெர்ட்டர் பேட்டரி இறங்கிவிட்டது, போர்டும் அணைந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. சாயங்காலம் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. மாமனார் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

டங்...

நிசப்தம்.

டங்...

மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஜெசி, யாரோ நம்ம பங்கு ஆளு போயிட்டாங்கம்மா. சாவு மணி."

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. முருகன் கோயில்காரனுக்குச் சாவு மணியைப் பற்றி என்ன தெரியும்? அந்தோணி ஏதோ விசேஷமாக வந்து அடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். மாமனார் கண்ணை மூடி, போன ஆத்துமாவுக்காக உருக்கமாக ஜெபம் சொன்னார். ஜெசிந்தாவும் கூடச் சேர்ந்து சொன்னாள். முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, ஓடிப்போயி ஒரு ரோஜா மாலை வாங்கியாந்துருங்க. நல்லா மொத்தமா. யாருன்னு அப்பறமா கேட்டுக்கலாம், மொதல்ல மாலை வேணும்."

கிளம்பினேன். சர்ச் ரோட்டில் மஞ்சம்மாவின் பூக்கடை. எனக்கு முன்னால் நாலைந்து பேர் மாலைக்கு நின்றிருந்தார்கள், எல்லோரும் பங்குக்காரர்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அதுவரை நாங்கள் தலையசைப்போடு நிறுத்திக்கொள்கிறவர்கள்.

"தைரியமா இருங்க சார்."

"இருக்கேன்..."

"அய்யோ பாப! மாமனாருக்கு நீங்களே மாலைக்கி வரணுமா சார்? சொல்லியிருந்தா அனுப்பியிருப்பனே" என்றார் மஞ்சம்மா, கன்னடமும் தமிழுமாக.

"எப்ப எடுக்கறீங்க?" என்றார் கட்டிப்பிடித்தவர்.

"எதை?"

அவர் என் தோளைத் தட்டினார். அதிர்ச்சியில் இருக்கிறேனாம்.

"என்ன சொல்றீங்க? எங்க மாமனார் நல்லா இருக்கார். இப்பத்தான் காபி குடிச்சார்" என்றேன்.

பின்னால் இருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "கடைசியா காபி கேட்டு வாங்கிக் குடிச்சாராம்."

ஞாயிறுதோறும் பூசையில் 'ஆரோக்கியசாமி அவர்களின் உடல்நலத்துக்காக மன்றாடுவோம்' என்று வாசித்தால் என்ன ஆகும்? சாவு மணி அடித்ததும் எல்லோருக்கும் ஒரே முகம்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. பங்கு வாட்ஸ்அப் குரூப்பில் கூலிங் கிளாஸ் போட்ட அவருடைய படம் கண்ணீர் அஞ்சலியோடு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கடை பல்பு அணைந்தது. மறுபடி எரிந்தது.

டங்...

எல்லோரும் சிலுவை போட்டார்கள். நான் மட்டும் போடவில்லை. நான் அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டங்...

அந்த இடைவெளி எனக்குத் தெரியும். மோட்டார் ஆறட்டும் என்று நான் என் கையால் எழுதிய இடைவெளி. யாரும் சாகவில்லை... கரன்ட் வந்திருக்கிறது, அவ்வளவுதான்!

மாலையை வாங்காமல் போனை எடுத்தேன். போனில் அந்தப் பக்கம் திறக்க மறுத்தது. சர்ச்சின் வைஃபையும் இப்போதுதானே கண் விழிக்கிறது? வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்தது. இரண்டு பட்டன். 'நிறுத்து' மேல் விரலை வைக்கப் போனபோது ஜெசிந்தாவின் போன்.

"எங்க இருக்கீங்க?"

"ஜெசி, அது சாவு மணி இல்ல. என்னோட போர்டு. இதோ நிறுத்திட்டேன்."

"நிறுத்தாதீங்க!"

"என்னது?"

"சித்தப்பாவுக்கு யாரோ போன் பண்ணி அப்பா போயிட்டார்னு சொல்லிட்டாங்க. எனக்குப் போன் போட்டாரு. ஓன்னு அழுவுறாருங்க. வண்டிய எடுத்துட்டாராம். பாகலூர் ரோட்டுல வந்துக்கிட்டிருக்காரு."

"நீ உண்மையச் சொல்லலியா?"

மூக்கை உறிஞ்சினாள்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லல. 'வாங்க சித்தப்பா'ன்னு மட்டும் சொன்னன். அழுகை வந்துருச்சு, அதுக்கு நான் என்ன பண்ண? ஏழு வருஷத்துல முதல் தடவையா அவரு எங்க வீட்டுக்கு வர்றாருங்க. மணிய நிறுத்தி, யாராவது வழியில அவருகிட்ட 'சும்மா அடிச்சது'ன்னு சொல்லித் திரும்பிப் போயிட்டாருன்னா... அப்பா எந்தக் காலத்துல ஆபரேஷனுக்கு ஒத்துக்குவாரு?"

இத்தனை வருஷ மெயின்டெனன்ஸ் வாழ்க்கையில், கோளாறைச் சரிபண்ணாதே என்று ஒருத்தர் கெஞ்சுவது அதுதான் முதல் தடவை. விரல் பட்டன் மேலேயே நின்றது. நிறுத்தினால் ஊருக்கு நிம்மதி. நிறுத்தாவிட்டால் ஒரு மனிதர் வந்து சேர்வார். எது சரி?

போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

வண்டியை எடுப்பதற்குள் ஃபாதரின் அழைப்பு. கிருஷ்ணகிரியில் ஏதோ கூட்டத்தில் இருக்கிறார்.

"கேள்விப்பட்டேன் சார். ரொம்ப வருத்தமா இருக்கு. நாளைக்கு அடக்கப் பூசை எத்தனை மணிக்கு வச்சுக்கலாம்?"

"ஃபாதர்... இது சாவு இல்ல, சாஃப்ட்வேர்."

"தைரியமா இருங்க சார்" என்றார். அவரும் என்னை அதிர்ச்சியில் இருப்பவன் என்றுதான் நினைத்திருப்பார்.

வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றிருந்தது. ஃப்ரீஸர் பாக்ஸ் வேன். ஓட்டிவந்தவர் கையில் வயரைச் சுற்றி வைத்துக்கொண்டு மாமனாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பிளக் பாயின்ட் எங்க இருக்குதுங்க?"

"யாருக்குய்யா இது?"

"ஆரோக்கியசாமின்னு ஒரு பெரியவருங்க."

"நான்தான்யா அது."

ஓட்டுநர் மேலும் கீழும் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்தார்.

"அப்ப... வெயிட் பண்ணவாங்க?"

தெருவே கூடிவிட்டது. வந்தவர்கள் கையில் மாலை, எதிரில் உயிரோடு மாமனார். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆளாளுக்கு முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். மாமனார் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கூட்டத்தை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

"மொதல் மாலை யாரு கொண்டாந்தது?" என்றார்.

அப்போதுதான் ஒரு மொபெட் வந்து, ஸ்டாண்டு போடக்கூட நேரமில்லாமல், அப்படியே சாய்ந்து விழுந்தது. சின்னப்பன். தோட்டத்தில் இருந்தவர் அப்படியே வந்திருக்கிறார், முழங்கால் வரை சேறு. காலில் செருப்பு இல்லை. "அண்ணா... என்ன உட்டுட்டுப் போயிட்டியே அண்ணா..." என்று மார்பில் அடித்துக்கொண்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சின்னப்பன் நின்றார். அடித்த கை அப்படியே மார்பில் நின்றது. திரும்பிப் போய்விடுவாரோ? ஏமாற்றிவிட்டோம் என்று இன்னொரு ஏழு வருஷம் ஆரம்பித்துவிடுமோ? ஜெசிந்தா வாசல்படியில் நின்றபடி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"செத்தாத்தான் வருவியாடா?"

"செத்தாலும் வரக்கூடாதுன்னுதான் இருந்தன்" என்றார் சின்னப்பன். அவர் தன் காலைப் பார்த்தார். செருப்பில்லாத, சேறு காய்ந்த கால். "போன வெச்சன்... அப்பறம் எப்ப வண்டி எடுத்தன், எப்படி வந்தன், ஒண்ணும் தெரீல. தானா வந்துகினு இருக்கறன்."

அப்படியே தரையில் உட்கார்ந்தார். அண்ணன் மடியில் தலையை வைத்து அழுதார். மாமனார் அவர் தலையில் கையை வைத்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. ஃப்ரீஸர் பாக்ஸ் ஓட்டுநர் மூக்கைச் சிந்தினார்.

ஃபேன் நின்றது. மறுபடி சுற்றியது.

டங்...

சின்னப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இப்ப இது யாருக்குண்ணா?"

"எனக்குத்தான். இன்னும் அடிச்சு முடிக்கல" என்றார் மாமனார்.

பாக்கெட்டில் இருந்து போனை எடுத்து நிறுத்தினேன். இனி அதற்கு வேலையில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டன் வாங்கி வரச் சொன்னவர் மாமனார். டாக்டர் அவருக்கு மட்டனைத் தொடக்கூடாது என்றிருக்கிறார். தொடவில்லை. கரண்டியால்தான் எடுத்தார். நல்லி எலும்பைத் தேடித் தேடித் தம்பி இலையில் வைத்தார். சின்னப்பன் தலைநிமிராமல் சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் அதட்டலாகக் கேட்டார்.

"எதுக்கோசரம் ஆபரேஷன் வாணாங்கற நீ?"

"வாணாம்னு யாருடா சொன்னது? கூட யாரு வர்றது?"

நானும் ஜெசிந்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் என்ன, கட்டில் மேஜையா? ஆனால் அவர் கேட்டது எங்களைப் பற்றி இல்லை.

"நான் வர்றன்" என்றார் சின்னப்பன்.

அடுத்த வாரமே பெங்களூர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார், இந்தத் தடவை செருப்போடு.

சர்ச்சில் கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். சந்தோஷத்துக்கு அடிக்கிற மணி வேகமாக அடிக்கும், சாவுக்கு ஒவ்வொரு அடியாக விட்டுவிட்டு அடிக்கும் என்பதை எனக்குப் பொறுமையாக விளக்கினார்கள். குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். கடைசி பெஞ்சிலிருந்து அந்தோணி எழுந்தார்.

"நான் அடிச்ச வரைக்கும் ஒருத்தரும் தப்பா சாகல சார்."

செல்ஃப் டெஸ்ட்டை எடுத்துவிட்டுப் புது ஃபர்ம்வேரை அங்கேயே, அத்தனை பேர் முன்னால், போனிலிருந்து ஏற்றினேன். சாவு மணியைப் போர்டு அடிக்கக் கூடாது, அதை அந்தோணிதான் கயிற்றைப் பிடித்து அடிக்க வேண்டும் என்று தீர்மானம் ஆனது. எந்த ஷிஃப்டாக இருந்தாலும் பர்மிஷன் போட்டு வருவதாக அவரும் ஒப்புக்கொண்டார்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார்க்கிறேன். சாவு என்றால் சேற்றுக் காலோடு ஓடிவருகிறோம். உயிரோடு இருக்கிறார், உடம்பு சரியில்லை, உன்னைத்தான் எதிர்பார்க்கிறார் என்றால் மட்டும் ஏன் ரோஷம் குறுக்கே நிற்கிறது? எல்லாக் குடும்பத்திலும் ஒரு சின்னப்பன் இருக்கிறார். உங்கள் வீட்டிலும் இருப்பார். எல்லோர் வீட்டுக்கும் என் போர்டை அனுப்ப முடியாது.

மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டார். மெதுவாக நடக்கிறார். போன ஞாயிறு சின்னப்பனுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பத்தியக் கஞ்சியில் உப்பு இல்லை என்று அண்ணன் திட்டியதில் தம்பிக்கு மறுபடி கோபமாம். மாமனார் போனைக் கீழே வைத்துவிட்டு, ஜெசிந்தா சமையலறையில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள... அந்தப் பழைய புரோகிராம அழிச்சுட்டீங்களா?"

பேக்கப் எடுக்காமல் நான் எதையும் அழிப்பதில்லை.